வலது பக்கக் கட்டிக்கு இடது கால்

டாக்டர், நீங்கள் மேடையில் சொன்னது பொய்.

சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. அண்மையில் எங்கள் மலையில், பிரிஞ்சாங் ஊரில் ஒரு மண்டபத்தில் பெண்களுக்கான புற்றுநோய் விளக்கக் கூட்டம் நடந்தது. நீங்கள்தான் சிறப்புப் பேச்சாளர். மைக்கைப் பிடித்து, நடுநடுவே தமாஷ் செய்து, நன்றாகத்தான் பேசினீர்கள். அப்புறம் ஒரு கதை சொன்னீர்கள். தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர். சினைப்பையில் புற்றுநோய். நீங்கள் ஆபரேஷன் செய்து, மருந்து ஏற்றி, குணப்படுத்தி அனுப்பினீர்கள். நோய் திரும்ப வந்து தொடையிடுக்கில் கட்டியாக நின்றது. "அந்த அம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? சுண்ணாம்பைத் தடவிக்கிட்டு வீட்லயே உட்கார்ந்துட்டாங்க. டாக்டர்கிட்ட காட்ட வெட்கம். இதுதான் நம்ம தோட்டத்துப் பெண்களோட பிரச்சினை" என்றீர்கள். கூட்டம் உச்சுக் கொட்டியது.

அந்த அம்மா என் பக்கத்து நாற்காலியில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் முழங்கையைப் பிடித்து, "மிஸி, அது நான்தானே?" என்று கேட்டாள். உங்களுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

நான் இந்த மலையில் அரசாங்க கிளினிக்கில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இங்கே நர்ஸை மிஸி என்பார்கள். எனக்கு வீட்டில் வைத்த பெயரை மறந்தவர்கள்கூட மிஸி என்றால் திரும்பிப் பார்ப்பார்கள். கிளினிக்கின் ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று இளம் நர்ஸுகள் வந்து கேட்டார்கள். "பழைய கதை எதாச்சும் எழுதுங்க மிஸி, ஜாலியா இருக்கட்டும் லா" என்றார்கள். ஜாலியாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இதை எழுதுகிறேன். போட்டால் போடட்டும்.

ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தேன். அப்பா தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை, அம்மா வெளிக்காட்டில் கொழுந்து வெட்டினார். படித்தேன், நர்ஸ் பயிற்சிக்குப் போனேன். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. படுக்கை விரித்தோம், ஊசி போட்டோம், திட்டு வாங்கினோம். சினைப்பைப் புற்றுநோயை ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டார்கள். சத்தமில்லாமல் வளரும், வயிறு உப்பின பிறகுதான் தெரியும், குணமான பிறகு திரும்ப வந்தால் பெரும்பாலும் வயிற்றுக்குள்ளேயே வரும். இவ்வளவுதான் பாடம். பாடத்தில் தப்பில்லை. ஆனால் 'பெரும்பாலும்' என்று அந்தப் பாடத்தில் ஒரு சொல் இருந்தது. பரீட்சைக்குப் படிக்கும்போது எல்லோரும் அந்தச் சொல்லை விட்டுவிட்டுத்தான் மனப்பாடம் செய்தோம். டாக்டருக்குப் படித்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

அந்தச் சொல்லை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் டாக்டர் ஃபௌசியா.

கிழக்குக்கரை கிளந்தான் மாநிலத்து மலாய்க்காரர். மெலிந்த உடம்பு, தடித்த குரல். கிளினிக்குக்கு மாற்றலாகி வந்த முதல் வாரமே எல்லோரும் அவரை வெறுத்தோம். இருமல் என்று வந்தவரைக்கூடப் படுக்கையில் ஏறச் சொல்வார். இந்த மலையில் காலையில் கை ஐஸ்போல இருக்கும். குளிர்ந்த கையை வயிற்றில் வைத்தால் வயிறு இறுகிவிடும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதற்காக மேசைக்குக் கீழே ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் வைத்திருப்பார். பேசினில் ஊற்றி, இரண்டு கையையும் முக்கி எடுத்து, துடைத்து, தன் கழுத்திலேயே வைத்துப் பார்ப்பார். அப்புறம்தான் நோயாளியைத் தொடுவார்.

அவருக்கு ஒரு வரிசை இருந்தது. கழுத்தின் இரண்டு பக்கம், காறை எலும்புக்கு மேலே உள்ள குழி, அக்குள், மார்பு, வயிறு, தொப்புள், தொடையிடுக்கு, கால். இந்த வரிசை மாறாது. வெளியே எவ்வளவு கூட்டம் இருந்தாலும் மாறாது. தமிழ் வார்த்தை ஏழெட்டு கற்றுவைத்திருந்தார். "அக்கா, மூச்சு இழு. விடு. வலி இருக்கா? சும்மா சொல்லு லா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். "இந்தம்மா டாக்டரா, கஸ்டம்ஸா? தலைவலின்னு வந்தா தொடையைத் தடவுறாங்க." இன்னொருத்தி, "உள்ள எதாச்சும் கடத்திட்டு வந்திருக்கியான்னு பார்க்குறாங்கடி" என்பாள். பெஞ்சே சிரிக்கும். கஸ்டம்ஸ் டாக்டர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கும் தெரியும். "சரிதான், கடத்தல் பொருளைத்தான் தேடுறேன்" என்று ஒருநாள் மலாயில் சொன்னார்.

அந்தக் கடத்தல் பொருள் கிடைத்ததை நான் முதலில் பார்த்தது ஒரு சீன அம்மாவிடம். கோலா தெர்லாவில் கீரைத்தோட்டம் வைத்திருந்தவர். இருமல் மருந்துக்கு வந்தார். டாக்டரின் விரல் தொப்புளுக்குப் போனதும் நின்றது. பட்டாணி அளவில் கெட்டியாக ஒன்று. "காய்கறிக் கூடையை வயித்துல முட்டுக்கொடுத்து லோரியில ஏத்துறேன், அதோட விளிம்பு படுற இடம். காய்ச்சுப்போயிருக்கு" என்றார் அந்த அம்மா. நல்ல காரணம். கேட்டால் யாரும் நம்புவார்கள். டாக்டர் நம்பவில்லை. முன்னே ஆபரேஷன் நடந்ததா என்று கேட்டார். நடந்திருந்தது. சினைப்பைப் புற்றுநோய். எடுத்து, மருந்தும் ஏற்றி, முடிந்து போன விஷயம் என்று அந்த அம்மா நினைத்திருந்தார். சாம்பிள் எடுத்துப் பார்த்தபோது அது முடியவில்லை என்று தெரிந்தது. தொப்புளில் வந்து உட்கார்ந்திருந்தது.

எனக்கு அன்றைக்கு வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். மறைக்க என்ன இருக்கிறது. அடிவயிற்றில் இருந்த ஒன்று, அதையும் வெட்டி எடுத்தாகிவிட்டது, எப்படித் தொப்புளுக்கு ஏறி வரும்? டீ குடிக்கும்போது கேட்டேன்.

"தொப்புள் வெறும் குழி இல்லை மிஸி" என்றார் டாக்டர் ஃபௌசியா. "நீ அம்மா வயித்துல இருந்தப்ப அதுதான் உன் வாசல். வாசலை அடைச்சாச்சு, ஆனா உள்பக்கம் பழைய நாளங்களும் நார்களும் இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. வயித்துக்குள்ள மிச்சம் இருந்த செல் அந்த வழியைப் பிடிச்சிருக்கலாம்."

"வேற எங்கெல்லாம் போகும்?"

"கழுத்து, அக்குள், மார்பு, மண்ணீரல், தோல். ஆபரேஷன் செஞ்ச தையல் தழும்பு. அபூர்வமா மூளை. தொடையிடுக்கு."

"ஏன் ஒருத்தருக்கு இங்க, ஒருத்தருக்கு அங்க?"

"தெரியாது" என்றார். பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, எந்தச் சங்கடமும் இல்லாமல் சொன்னார். என் வேலைக் காலத்தில் ஒரு டாக்டர் என்னிடம் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவரை எனக்குப் பிடித்துப்போனது.

இப்போது ஜெயமேரி.

கூட்டத்தில் என் முழங்கையைப் பிடித்தவள் இவள்தான். பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு மிஸி? அந்தாளு பேரு சொல்லாமத்தானே என்னைய நாறடிச்சாரு. என் பேரைப் போடுங்க" என்றாள். போடுகிறேன்.

ரிங்லெட் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவள். நான்கு தலைமுறையாக அதே வேலை. இப்போது இந்தக் காடுகளில் வங்காளதேசத்துப் பையன்களும் நேபாளிகளும்தான் அதிகம். மிஞ்சியிருக்கிற தமிழ்ப் பெண்களில் இவள் ஒருத்தி. கணவர் அந்தோணி தோட்டத்து லோரி டிரைவர். ஒரே மகள் ஸ்டெல்லா, கோலாலம்பூரில் வேலை. ஜெயமேரிக்கு முதலில் வயிறு உப்பியது. அதைக் கண்டுபிடித்ததும் டாக்டர் ஃபௌசியாதான். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். டாக்டர், அங்கே நீங்கள் நன்றாகத்தான் வைத்தியம் பார்த்தீர்கள். அதை நான் மறுக்கவில்லை. மருந்து ஏற்றிக்கொண்டு தாப்பா ரோட்டில் மேலே ஏறி வரும்போது, ஒவ்வொரு வளைவுக்கும் பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்துக்கொண்டே வருவாள். முடி கொட்டி, முளைத்து, மறுபடி காட்டுக்குப் போனாள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

அப்புறம் வலது தொடையிடுக்கில் ஒரு கட்டி வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். காலில் புண் இருந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். இது தமிழர் எல்லோருக்கும் தெரியும். தேயிலைக்காட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் இங்கே அட்டை. மழை பெய்த காலையில் செடிக்குள் இறங்கினால் பூட்ஸின் மேல்விளிம்பு வழியாக உள்ளே போய்விடும். சவுக்காரம் தடவினாலும் போகும். கடித்த இடம் அரிக்கும், சொறிந்தால் சீழ் பிடிக்கும், நெறி கட்டும். உடனே கடியிலும் நெறியிலும் சுண்ணாம்பு குழைத்துப் போடுவார்கள். கால் ஆறினால் நெறியும் கரைந்துவிடும். நூற்றில் தொண்ணூறு பேருக்கு இது சரியாகத்தான் நடக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், கொழுந்து வெட்டுகிறவள் காலை எந்த நாள் எடுத்துப் பார்த்தாலும் அதில் ஒரு அட்டைக்கடி இருக்கும். தேடினால் கிடைக்காமல் போகாது. வேறு ஊரில் ஒரு பெண்ணுக்குத் தொடையிடுக்கில் கட்டி வந்தால், டாக்டர் காலைப் பார்ப்பார், புண் இருக்காது, அப்போது யோசிக்க ஆரம்பிப்பார். எங்கள் பெண்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. யோசிக்கத் தேவையில்லாமல் காரணம் காலிலேயே தயாராக இருக்கிறது.

ஜெயமேரி வெட்கப்பட்டாளா? கட்டியைத் தொட்டுப் பார்த்த அந்த வாரமே கிளினிக்குக்கு வந்தாள். அப்போது டாக்டர் ஃபௌசியா பிரசவ விடுப்பில் இருந்தார். நான் லெம்பா பெர்த்தாம் பக்கம் குழந்தைகளுக்கு ஊசி போடப் போயிருந்தேன். மாற்றாக வந்திருந்த இளம் டாக்டர் பார்த்தார்.

"இது என்ன வெள்ளையா?"

"சுண்ணாம்பு டாக்டர். நெறி கட்டுனா போடுவோம்."

"இதெல்லாம் போடக் கூடாது" என்று திட்டிவிட்டு, வலது காலில் இருந்த கடியைப் பார்த்து மாத்திரை கொடுத்தார். கடி ஆறியது. கட்டி ஆறவில்லை. மறுபடி வந்தாள். மறுபடி ஒரு கடி இருந்தது, மறுபடி மாத்திரை. இளம் டாக்டரை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். அவர் மலைக்குப் புதுசு, சினைப்பை நோய் அவர் துறையும் இல்லை.

அது உங்கள் துறை, டாக்டர்.

கீழே உங்களிடம் காட்ட வேண்டிய முறை வந்தபோது, நானும் துணைக்கு வருகிறேன் என்று விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். அந்த அறையில் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றீர்கள்.

"நல்லாருக்கேன் டாக்டர். இங்க மட்டும் ஒரு கட்டி."

"ரத்தம் நார்மல். வயித்து ஸ்கேன் கிளீன். பயப்படாதீங்க."

"கட்டி வயித்துல இல்ல டாக்டர். கீழ."

படுத்தாள். கைலியை அவளே தளர்த்தினாள். வெட்கம் என்றீர்களே, அந்த வெட்கத்தை நான் அங்கே பார்க்கவில்லை. நீங்கள் இரண்டு விரலால் ஒரு அழுத்து அழுத்தினீர்கள். சுண்ணாம்புத் தடம் இருந்தது. சிரித்தீர்கள். "கால்ல புண் இருக்கா? காட்டுங்க." சப்பாத்தைக் கழற்றினாள். இடது கணுக்காலில் ஒரு கடி. "இதோ. அட்டை. நெறிதான் இது."

அவள் எழுந்து உட்கார்ந்து, "டாக்டர், கட்டி வலது பக்கம். கடி இடது கால்ல" என்றாள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் தெரியுமா? "ரெண்டு காலும் ஒரே உடம்புலதானேம்மா இருக்கு" என்றீர்கள். உங்கள் பக்கத்தில் நின்ற ஜூனியர்கள் சிரித்தார்கள்.

நான் வாயைத் திறந்தேன். "டாக்டர், ஊசி வச்சு ஒரு சாம்பிள் எடுத்துப் பார்க்கலாமே?"

"நீங்க எந்த வார்டு?"

"மேல கிளினிக்."

"அப்ப மேல போயி கிளினிக்கைப் பாருங்க மிஸி. சினைப்பை கேன்சர் அங்கல்லாம் வராது. சுண்ணாம்பு போடுறதை நிறுத்தச் சொல்லுங்க, அது போதும்."

வரும் வழியில் ஜெயமேரி வாந்தி எடுக்கவில்லை. ஒரு வளைவில், "பெரிய டாக்டரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாளா, தன்னையா, தெரியவில்லை.

டாக்டர் ஃபௌசியா விடுப்பு முடிந்து வந்த முதல் நாளே ஜெயமேரியை வரச் சொன்னேன். டாக்டரின் கையில் குழந்தை வாசம், கண்ணில் தூங்காத சோர்வு, ஆனால் ஃபிளாஸ்க் வந்துவிட்டது. கையை முக்கினார், துடைத்தார், தன் கழுத்தில் வைத்துப் பார்த்தார். நாங்கள் இருவரும் தொடையிடுக்கைத்தான் காட்டத் துடித்தோம். அவர் கழுத்திலிருந்து ஆரம்பித்தார். காறை எலும்பின் குழி. அக்குள். வயிறு. தொப்புள். இடது தொடையிடுக்கு. கடைசியில் வலது. அங்கே விரலை வைத்து அப்படியே நின்றார். மெதுவாக இந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தார், அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தார்.

"அக்கா, வலி இருக்கா?"

"இல்ல டாக்டர். தொட்டாத்தான் இருக்குன்னே தெரியுது."

"வலிக்கணும்" என்றார் என்னிடம் மலாயில். "புண்ணால வந்த நெறின்னா வலிக்கும், மெத்துனு இருக்கும், நகரும். இது கல்லு. அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. வலிச்சிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன்."

அப்புறம் ஒரு காரியம் செய்தார். மிச்சமிருந்த வெந்நீரை பேசினில் ஊற்றி, ஜெயமேரியின் வலது காலை அதில் வைத்துத் தன் கையாலேயே கழுவினார். "ஐயோ, டாக்டர், வேணாம், காலை விடுங்க" என்று ஜெயமேரி பதறினாள். ஜெயமேரி வெட்கப்பட்டதை நான் பார்த்தது அப்போது மட்டும்தான். டாக்டர் விடவில்லை. விரல் இடுக்கு, குதிகால், நகக்கண், முழங்கால் வரைக்கும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய தழும்புகள் இருந்தன. புதிய கடி இல்லை, புண் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை.

"இப்ப காரணத்தை வெளியே எடுத்து வச்சாச்சு" என்றார். "கட்டி மட்டும் இருக்கு."

அவர் உங்களுக்குத்தான் முதலில் போன் செய்தார், டாக்டர். நான் பக்கத்தில் இருந்தேன். அடுத்த முறைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். அவர் போனை வைத்துவிட்டு வேறு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைப் பிரிவில் தனக்குத் தெரிந்தவரைக் கூப்பிட்டார். சாம்பிள் எடுத்தார்கள். முன்னே சினைப்பையில் இருந்த அதே செல். ரிப்போர்ட்டின் நகல் உங்களுக்கும் வந்தது.

முடிவைச் சொல்ல நாங்கள் இருவரும் லைனுக்கே போனோம். அந்தோணி லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயை மூடவில்லை, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயமேரி கேட்டது ஒரே கேள்வி. "டாக்டர், வயித்துல எடுத்தது எப்படி இங்க வந்துச்சு?"

டாக்டர் ஃபௌசியா மலாயில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். கருப்பையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு நார் கயிறுபோலத் தொடையிடுக்குக்கு இறங்குகிறது. அந்தக் கயிற்றோடு நிணநீர் ஓடும் நாளங்களும் இறங்குகின்றன. அந்த வழியாக வந்திருக்கலாம். இல்லையென்றால், ஆபரேஷனில் உள்ளே சில வழிகள் வெட்டுப்பட்டதால் நீர் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். ஜெயமேரி தலையாட்டினாள். "மேல வடிகான் அடைச்சா கீழ வேற காட்டுல தண்ணி பாயுமே, அந்த மாதிரியா?" என்றாள். அப்படியும் இருக்கலாம், நிச்சயமாகத் தெரியாது என்றார் டாக்டர். "பரவால்ல. தெரியாதுன்னாச்சும் சொல்றீங்க" என்றாள்.

தொடையிடுக்கில் நெறிகளை எல்லாம் எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். நிணநீர் வடிய வழியில்லாமல் வலது கால் வீங்கிவிட்டது, பூட்ஸ் ஏறவில்லை. கங்காணி அவளைப் பேக்கிங் பக்கம் மாற்றிவிட்டார். நாலு வருஷம் நன்றாக இருந்தாள். முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று டாக்டர் ஃபௌசியாவிடம் கேட்டேன். "அதுக்கும் தெரியாதுன்னுதான் சொல்லணும்" என்றார். அப்புறம் அவருக்கும் கிழக்குக்கரைக்கு மாற்றல் வந்தது, எனக்கும் ஓய்வு வந்தது.

இந்த வருஷம் இடது காறை எலும்புக் குழியில் ஒன்று வந்திருக்கிறது. ஜெயமேரியே தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துக் காட்டியது. இப்போது மறுபடி மருந்து ஏறுகிறது. அதனால்தான் தொப்பி.

டாக்டர், உங்கள் பேச்சை யாரோ போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அது கோலாலம்பூருக்கும் போனது. ஸ்டெல்லா கூப்பிட்டாள். நான் ஜெயமேரி வீட்டில்தான் இருந்தேன்.

"அம்மா, அந்த வீடியோல அவர் சொல்றது உங்களைத்தானே?"

"என்னைத்தான்."

"நீங்க சுண்ணாம்பு போட்டீங்களா?"

"போட்டேன்டி. போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கும் போனேன்."

"டாக்டர் வீட்லயே இருந்தீங்கன்னு சொல்றாரு. அப்ப ஏன் எங்கிட்ட காட்டிட்டேன், காட்டிட்டேன்னு சொன்னீங்க? நான் கேக்கும்போதெல்லாம் அதான் சொன்னீங்க. நான் லீவு போட்டு வந்து இழுத்துட்டுப் போயிருப்பேன்ல?"

"நான் காட்டுனேன் ஸ்டெல்லா."

"அப்ப அவ்ளோ பெரிய டாக்டர் பொய் சொல்றாரா?"

நான் போனை வாங்கி நடந்ததைச் சொன்னேன். இடது காலைச் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "மிஸி ஆன்ட்டி, நீங்க அம்மாவோட ஃபிரெண்டு. நீங்க வேற எப்படிச் சொல்லுவீங்க?" என்றாள். போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் அப்பாவுக்குத்தான் போன் செய்கிறாள். அம்மா சாப்பிட்டார்களா என்று அப்பாவிடம் கேட்கிறாள்.

ஜெயமேரிக்குக் காறை எலும்புக் குழியில் வந்த கட்டியைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. அவள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் செத்தா எம்மவ, எங்கம்மா முட்டாள்தனமா செத்தாங்கன்னு நெனச்சுக்கிட்டே இருப்பா மிஸி. நான் முட்டாள்தனமா ஒண்ணும் பண்ணல."

உங்கள் பேச்சு இன்னொன்றும் செய்திருக்கிறது. போன வாரம் பக்கத்து லைனில் ஒருத்தி, கிளினிக்குக்குப் புறப்படும் முன் காலில் இருந்த சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "இதைப் பார்த்தா நம்மளயும் மேடையில ஏத்திருவாங்க மிஸி" என்றாள். எதை மறைக்க வேண்டும் என்று அவளுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். நாளைக்குச் சுண்ணாம்போடு சேர்த்துக் கட்டியையும் மறைப்பாள். அப்போதும் யாராவது வந்து தோட்டத்துப் பெண்களின் வெட்கத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

உங்கள் பெயரை நான் எழுதவில்லை. ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதவில்லை. நீங்கள் தப்பாகப் பார்த்தீர்கள் என்பதற்காகவும் இதை எழுதவில்லை. அந்த நோய் தொடையிடுக்கில் வருவது அபூர்வம். அபூர்வமானதைத் தவறவிடுவது டாக்டர்களுக்கு நடக்கிறதுதான், நான் என் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் தவறவிட்டதை அவள் தலையில் எழுதினீர்கள், அதற்குத்தான் கேட்கிறேன்.

தனியாக வந்து மன்னிப்புக் கேட்க வேண்டாம். கடிதம் வேண்டாம், போன் வேண்டாம். அந்த மண்டபத்தில் அடுத்த கூட்டத்துக்கும் உங்களைத்தான் அழைத்திருக்கிறார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். வாருங்கள். ஸ்டெல்லாவையும் வரச் சொல்லியிருக்கிறோம். அவள் அப்பா கூட்டி வருவார். அதே மைக்கைப் பிடித்து, தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி அவளுக்குப் பதில் சொல்லுங்கள்: உன் அம்மா ஜெயமேரி என்னிடம் வந்தாளா, இல்லையா? கட்டியைக் காட்டினாளா, இல்லையா? காட்டினாள் என்றால், அவளைத் திருப்பி அனுப்பியது யார்?